சம்பந்தி வீட்டுப் பாலும் என் வயிற்றுச் சுவிட்சும்

வாய் பேசத் தெரியாதவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. அவர்கள் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்து வைத்திருந்து, என்றாவது ஒரு நாள் வயிறு பேசிவிடும். அதுவும் தனியாக இருக்கும்போது பேசாது. நாலு பெரிய மனிதர்கள் கூடிய இடமாகப் பார்த்துத்தான் பேசும்.

நான் எப்படிப்பட்டவள் என்றால், பஸ்ஸில் என் இடம் வந்தாலும் "இறங்கணும்" என்று சத்தமாகச் சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்குகிற இடம் வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பி நடந்து வருகிறவள். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதுவரைக்கும் எந்த வாத்தியாரும் என் குரலைக் கேட்டதில்லை. (ஆஜர் சொல்வதைக்கூடப் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை எனக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவாள்.)

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பால் ஆகாது. இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, சின்னப் பிள்ளையாகக் கப்பலேறி இந்தப் பக்கம் வந்து, ஓவேலியில் கொழுந்து பறித்தே தலை நரைத்தவள் நான். எங்கள் ஆட்களுக்கு விடிந்தால் வெறும் தேத்தண்ணிதான், பால் விடாத டீ. சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே குடித்துவிட்டு மலை ஏறிவிடுவோம். எப்போதாவது கல்யாண வீட்டில் ஒரு வாய் பால் பாயசம் உள்ளே போனாலும் போதும், டீ ஃபாக்டரியில் இலை உருட்டுகிற மெஷின் எனக்குள்ளே ஓட ஆரம்பித்துவிடும். அதனால் நான் பால் பக்கம் போவதில்லை. பாலும் என் பக்கம் வராமல்தான் இருந்தது, என் மகள் சத்யா குன்னூர்ப் பையனைப் பார்க்கிற வரைக்கும்.

சத்யா எங்களுக்குப் பிந்திப் பிறந்த ஒரே பிள்ளை. கோயமுத்தூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. மனுஷர்களின் எச்சிலையும் ரத்தத்தையும் குழாயில் போட்டு மரபணு பார்க்கிற இடம். பிரபுவுக்கும் அங்கேதான் வேலை. இரண்டு பேரும் அடுத்தவர் எச்சிலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்துக்கொண்டார்களோ தெரியாது, பார்த்துவிட்டார்கள்.

பிரபுவின் அப்பா குன்னூரில் ஒரு தேயிலை வியாபார ஆபீசில் இருந்தார். பூர்வீகம் பொள்ளாச்சிப் பக்கம். மலை ஏறி வந்த பிறகும் மாட்டை விடாத குடும்பம், வீட்டுக்குப் பின்னால் தொழுவம் இருந்தது. அவருக்குச் சம்மதம். பிரபுவின் அம்மா ருக்மணி அம்மாளுக்குத்தான் அரை மனசு. தோட்டத்து லயத்து வரிசை வீட்டுப் பெண், வேறு ஆட்கள், வேறு பழக்கம். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்வதற்கு ஏதாவது ஒரு காரணம் தானாக வந்து வாய்க்குமா என்று காத்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை வீடு பார்க்க நானும் வீட்டுக்காரரும் போவது, அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. முந்தின நாள் சத்யா போனில் எனக்கு வகுப்பு எடுத்தாள். "நீ ஒண்ணும் பேச வேணாம்மா. குடுக்கறத வாங்கிக்க, சிரி. அது போதும்." பேச வேண்டாம் என்றதும் எனக்குத் தலையிலிருந்து மலையே இறங்கின மாதிரி இருந்தது. வாங்கிக்கொள் என்றதில்தான் வினை இருந்தது.

கூடலூரில் பஸ் ஏறி, ஊட்டியில் மாறி, குன்னூரில் போய் இறங்கினோம். போகிற வழியெல்லாம் நான் மனசுக்குள் ஒன்றையே சொல்லிக்கொண்டேன். என்ன ஆனாலும் சரி, இந்தச் சம்பந்தம் என்னால் கெடக் கூடாது. (தெய்வங்களுக்கு அது எந்தத் திசையில் காதில் விழுந்ததோ.)

வீட்டில் சொந்தக்காரர்கள் நிறைய வந்திருந்தார்கள். ருக்மணி அம்மாள் "வாங்கோ" என்று கூப்பிட்டு உட்கார வைத்து, உள்ளே போய் இரண்டு பெரிய பித்தளை டம்ளர் நிறையப் பால் கொண்டுவந்து வைத்தார். எங்கள் வீட்டில் அந்த அளவில் ஒரு பாத்திரம் இருந்தால் அதில் அரிசி அளப்போம்.

"எங்கூட்டு மாட்டுப் பாலுங்க. பொட்டுத் தண்ணி கலக்கறதில்ல. குடிங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் டம்ளரைப் பார்த்தார். மேலே ஏடு மிதந்தது. அவருக்கு ஏட்டைக் கண்டாலே குமட்டும். அந்தக் காரணத்துக்காகவே ஆயுசில் பால் குடிக்காத மனுஷன். கொஞ்சமும் யோசிக்காமல், "எனக்குச் சீனி வருத்தமுங்க. டாக்டரு பாலத் தொடக்கூடாதுன்னுட்டாரு" என்று சொல்லிவிட்டார். சர்க்கரை வியாதியை எங்கள் பழைய ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவருக்குச் சீனியும் இல்லை, வருத்தமும் இல்லை. இப்படிச் சொல்லிவிட்டு, தட்டிலிருந்த மைசூர்பாகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ருக்மணி அம்மாள் அதையும் பார்த்தார்.

இப்போது எல்லோருடைய கண்ணும் என் மேல். ஒரே குடும்பத்தில் வந்த இரண்டு பேரும் வேண்டாம் என்றால் வீட்டையே வேண்டாம் என்ற மாதிரி ஆகிவிடாதா? நான் டம்ளரைத் தூக்கினேன். விளக்கெண்ணெய் குடிக்கிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசிச் சொட்டு வரைக்கும் இறக்கினேன். எங்கள் லயத்தில் டம்ளரில் மிச்சம் வைத்தால் கொடுத்தவர்களுக்கு மனசு வருத்தப்படும். அந்த வீட்டு வழக்கம் வேறு என்று எனக்கு யார் சொன்னார்கள்? அங்கே டம்ளர் காலியானால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். போதும் என்றால் ஒரு வாய் மிச்சம் வைத்து, டம்ளரை உள்ளங்கையால் மூட வேண்டும்.

ருக்மணி அம்மாள் மறுபடி நிறைத்தார். அவமரியாதை ஆகிவிடுமே என்று நான் மறுபடி காலி செய்தேன். அவர் மறுபடி நிறைத்தார். கொழுந்துக் கூடையைக்கூட நான் அவ்வளவு வேகமாகக் காலி செய்ததில்லை. நடுவில் அவர் சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பி, "பாலோட ருசி தெரிஞ்சவங்க" என்றார். அந்த முகம் எங்களுக்காக மலர்ந்தது அன்றைக்கு அப்போதுதான். அந்த முகத்தைப் பார்த்த பிறகு நான் எப்படிக் கையை வைத்து மூடுவேன்? குடித்தேன்.

பிரபுவின் பெரியப்பா நடுவில் உட்கார்ந்து, இன்னார் மகளை இன்னார் மகனுக்கு என்று சபையில் சொல்ல ஆரம்பித்தபோது என் வயிறும் ஆரம்பித்தது. முதலில் அவலாஞ்சிப் பக்கம் இடி இடிக்கிற மாதிரி ஒரு உறுமல். பிரபுவின் அப்பா ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்து, மழை வரும்போல இருக்கிறது என்றார். வெளியே பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது உறுமலுக்கு யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் எனக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவர் மாதிரி அடுத்த மைசூர்பாகை எடுத்தார்.

பல்லைக் கடித்துக்கொண்டேன். வெற்றிலை மாறிவிட்டால் போதும், அப்புறம் செத்தாலும் பரவாயில்லை. தட்டு கைமாறியது. நாங்கள் கொண்டுபோன தட்டு ருக்மணி அம்மாள் கைக்கும், அவர் தட்டு என் கைக்கும் வந்தன. வெற்றிலை, பாக்கு, பழம், பூ, தேங்காய், மஞ்சள் எல்லாம் இருந்தன. அதை வீட்டுக்காரரும் தொட்டு வாங்கி, இரண்டு பேருமாகச் சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தால் முடிந்தது. அந்த நாலடி தூரத்துக்கு என் வயிறு சம்மதிக்கவில்லை.

கக்கூஸ் எங்கே என்று கேட்கலாம்தான். ஆஜர் சொல்லாதவள் அத்தனை ஆம்பிளைகள் நடுவில் அதைக் கேட்பாளா? வரும்போது தொழுவத்துக்கு அந்தப் பக்கம் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். ஓடினேன். தட்டோடு ஓடினேன். அடுப்படியைத் தாண்டி, பின்கட்டைத் தாண்டி, மாட்டைத் தாண்டி ஓடினேன். பின்னால் யாரோ, "தட்டத் தூக்கிட்டுப் போறாங்களே" என்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது. கடைசி நேரத்தில் புத்தி வந்து, மங்கலத் தட்டை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று தொழுவத்துச் சுவர் மேல் வைத்தேன்.

வெளியே வந்தபோது தட்டில் தேங்காயும் மஞ்சளும் இருந்தன. மாட்டின் வாயில் பூச்சரம் தொங்கிக்கொண்டிருந்தது. அது கொடுத்த பாலை என் வயிறு ஏற்றுக்கொள்ளவில்லை. நான் வைத்த வெற்றிலை பாக்கை அது சந்தோஷமாக ஏற்றுக்கொண்டிருந்தது. அசைபோட்டுக்கொண்டே என்னைப் பார்த்த பார்வையில், நிச்சயம் முடிந்தது என்றே அது நினைத்த மாதிரி தெரிந்தது.

ருக்மணி அம்மாள் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தார். திட்டவில்லை. நிதானமாக விசாரித்தார். இது உங்களுக்கு அடிக்கடி வருமா என்றார். தலையை ஆட்டினேன். சின்ன வயதிலிருந்தேவா என்றார். ஆட்டினேன். உங்கள் அம்மாவுக்கும் உண்டா என்றார். அதற்கும் ஆட்டினேன். பால் குடித்தால் மட்டும்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையை ஆட்டி ஆட்டியே மகளின் கல்யாணத்தை ஆட்டம் காண வைத்துவிட்டு வந்தேன்.

இரண்டு நாளில் பிரபுவின் அப்பா போன் செய்து, கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம் என்றார். சங்கடப்பட்டுக்கொண்டே காரணத்தையும் சொன்னார். அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்குப் பரம்பரை வயிற்று வியாதி, நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் வந்துவிட்டால் என்ன செய்வது என்று வீட்டில் பயப்படுகிறார்களாம்.

சத்யா லீவு போட்டு வந்தாள். அழவில்லை. அவள் என் மகள்தான் என்றாலும் என்னைப் போல் ஊமையில்லை. "அவங்க ஒரு காரணம் தேடிக்கிட்டு இருந்தாங்கம்மா. நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டீங்க" என்றாள். தானே போய்ப் பேசுவதாகவும் சொன்னாள்.

"நீ போகாத. நான் போறேன்" என்றேன்.

டிவி பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் திரும்பி, "யாரு?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் தனியாகக் கிளம்பினேன். சொல்ல வேண்டியதை ஜன்னலைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டேன். "எனக்குப் பால் ஆகாதுங்க, அது வியாதி இல்லீங்க." பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா பைக்காரா வருவதற்குள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். நான் நிறுத்தவில்லை. குன்னூரில் "எறங்கணும்" என்று நானே சொன்னேன். கண்டக்டர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. எனக்குத்தான் ஆச்சரியம்.

ருக்மணி அம்மாள் என்னைப் பார்த்துத் திகைத்தாலும், வந்தவளுக்கு ஒன்றும் கொடுக்காமல் விடுகிறவர் இல்லை. அடுப்படிப் பக்கம் திரும்பினார். நான் வாசற்படியில் நின்றபடியே சொல்லிவிட்டேன். "எனக்குப் பால் வேணாமுங்க. பால் குடிச்சா மட்டுந்தான் எனக்கு அப்படி ஆகும். மத்தபடி ஒரு நோயும் இல்ல. வெறும் டீ குடுத்தீங்கன்னா குடிக்கிறேன்."

நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தைகளே அவைதான்.

பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதுதானே வியாதி என்று அவர் திருப்பிக் கேட்டார். அதற்குப் பதில் நான் பஸ்ஸில் பழகி வைத்திருக்கவில்லை. நல்லவேளையாக பிரபு வீட்டில் இருந்தார். உள்ளேயிருந்து வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டு, அம்மாவைப் பார்த்து விளக்க ஆரம்பித்தார்.

பாலில் ஒரு சர்க்கரை இருக்கிறதாம். அதைச் செரிக்க வைக்க வயிற்றுக்கு உள்ளே ஒரு சாறு சுரக்க வேண்டும். அந்தச் சாற்றை எப்படிச் செய்வது என்கிற குறிப்பு எல்லோருடைய மரபணுவிலும் இருக்கிறது. ருக்மணி அம்மாளிடம் இருக்கிற குறிப்பும் என்னிடம் இருக்கிற குறிப்பும் ஒன்றுதான், ஒரு பழுதும் இல்லை. ஆனால் அந்தக் குறிப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, பக்கத்து மரபணுவின் எல்லைக்குள்ளே, ஒரு சுவிட்ச் இருக்கிறதாம். அந்தச் சுவிட்சால் எந்தச் சாறும் செய்ய முடியாது. எப்போது செய்ய வேண்டும், எவ்வளவு செய்ய வேண்டும் என்று மட்டும் அது சொல்லும். தாய்ப்பால் குடிக்கிற வயதில் எல்லோருக்கும் அது போட்டபடி இருக்கும். வளர வளர உலகத்தில் பாதிக்கு மேற்பட்ட ஜனங்களுக்கு அது மெல்ல அணைந்துவிடும். சில பேருக்கு மட்டும் அந்தச் சுவிட்சில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். அவர்களுக்கு ஆயுசு பூராவும் எரிந்துகொண்டே இருக்கும். காலம் காலமாக மாட்டோடு வாழ்ந்த ஜனங்களில் அது அதிகம் என்றார்.

ருக்மணி அம்மாளுக்குப் புரியவில்லை. எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எங்கள் பழைய லயத்தில் எங்கள் வாசல் பல்புக்குச் சுவிட்ச் பக்கத்து வீட்டு மாரியக்கா சுவரில் இருந்தது. எவன் வயர் இழுத்தானோ. மாரியக்கா அணைத்துவிட்டால் எங்கள் வாசலும் இருட்டுத்தான். அதற்காக எங்கள் பல்பு கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமா? இதை நான் வாய்விட்டே சொன்னேன். பிரபு அசந்துபோய், "அதேதானுங்க அத்தை" என்றார். (அத்தை என்று அவர் கூப்பிட்டது அப்போதுதான் முதல் தடவை. நான் அழாமல் இருந்ததே பெரிசு.)

"எப்படி இருந்தாலும் அணைஞ்ச சுவிட்ச் நம்ம ஊட்டுக்கு வரத்தானே போகுது" என்றார் ருக்மணி அம்மாள்.

"அது ஏற்கனவே வந்துருச்சும்மா. எனக்கும் அணைஞ்சுதான் இருக்குது" என்றார் பிரபு.

பரிசோதனை பழகுகிறபோது முதலில் தங்கள் எச்சிலைத்தான் போட்டுப் பார்ப்பார்களாம். அதில் தெரிந்ததாம். தெரிவதற்கு முன்னாலேயே வயிற்றுக்குத் தெரியும். "தயிர் சாப்பிட்டுக்குவேன், அது அவ்வளவா ஒண்ணும் செய்யாது" என்றார்.

"வந்தா ரெண்டு நேரமும் டம்ளர் டம்ளராக் குடிக்கிறயேடா."

பிரபு ஜன்னலைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம். ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு ரோஜாச் செடி பட்டுப்போய் நின்றது.

அப்போது அதுவரைக்கும் பேப்பருக்குப் பின்னால் இருந்த பிரபுவின் அப்பா தொண்டையைக் கனைத்தார். "ருக்கு, நானும் காலைல அவசரமா ஆபீசுக்கு ஓடறதுக்குக் காரணம் ஆபீஸ் இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி பேப்பருக்குப் பின்னால் போய்விட்டார்.

ருக்மணி அம்மாள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. மாட்டுக்குத் தீவனம் போட்டு, கறந்து, காய்ச்சி, ஆற்றி, அத்தனை வருஷம் அன்பாக ஊற்றிக் கொடுத்ததெல்லாம் ரோஜாச் செடிக்கும் ஆபீஸ் கக்கூசுக்கும் போயிருக்கிறது. தனக்கு ஆகிறதே, அப்புறம் மகனுக்கு எப்படி ஆகாமல் போகும் என்று கேட்டார். ஒவ்வொருவருக்கும் இரண்டு சுவிட்ச் உண்டு, அம்மா தருவது ஒன்று, அப்பா தருவது ஒன்று என்றார் பிரபு. ஒன்று எரிந்தாலே வெளிச்சம் போதும். அம்மாவிடம் எரிவது ஒன்று, அணைந்தது ஒன்று இருந்திருக்க வேண்டும். அணைந்ததுதான் மகனுக்கு வந்திருக்கிறது. அப்பாவிடம் இரண்டுமே அணைந்தது.

"என்ர பையனுக்கு நானே அணைஞ்சதக் குடுத்துப்புட்டனா?"

நான்தான் சொன்னேன். "பாலு உள்ள போகாமயே இத்தன நல்லா வளத்திருக்கீங்களேங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து அடுப்படிக்குப் போனார். போனவர் வருகிற வழியாகத் தெரியவில்லை. கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். ஆனாலும் பஸ் ஸ்டாண்டுக்குப் போவதில்லை, ஒரு முடிவு தெரியாமல் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை என்று கெட்டியாக உட்கார்ந்திருந்தேன். கடைசியில் தட்டில் மூன்று டம்ளர் வெறும் டீயும், தனக்கு ஒரு டம்ளர் பாலுமாக வந்தார். எங்கள் மூன்று பேருக்கும் டீயைக் கொடுத்துவிட்டு, தன் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்.

"பேப்பரப் படிச்சது போதும். காலண்டர எடுத்து நல்ல நாள் பாருங்க. இந்தத் தடவ வெத்தலய மாட்டுக்கு எட்டாம வெக்கோணும்."

கல்யாணம் நடந்து, இப்போது பேத்தி நடந்து ஓடுகிற வயது. டம்ளர் டம்ளராகப் பால் குடிக்கிறாள். இந்த வயதில் யாரும் குடிப்பார்கள், போகப் போகத்தான் தெரியும் என்கிறார் பிரபு. தன்னைப் போல எரிகிற சுவிட்ச் பேத்திக்காவது வந்திருக்காதா என்று ருக்மணி அம்மாளுக்கு ஆசை. தன்னிடமே இல்லாததைத் தன் மகளுக்கு எப்படிக் கொடுப்பது என்று பிரபு கையை விரித்துவிட்டார். என்னிடமும் கிடையாது. வருவதென்றால் சத்யா வழியாகத்தான் வர வேண்டும். சத்யாவுக்கு அது வந்திருந்தால் ஒரே ஒரு ஆளிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து பிடித்தது சனி என் வீட்டுக்காரரை. சீனி வருத்தம் பொய் என்று நான் எப்போதோ சொல்லிவிட்டேன். எச்சிலைச் சோதித்தால் தெரிந்துவிடும் என்றால் ருக்மணி அம்மாள் கேட்பதில்லை, டம்ளர் சொல்வதைத்தான் நம்புவாராம். சத்யாவோ டம்ளரைத் தொட மாட்டேன் என்றுவிட்டாள். எப்போது குன்னூருக்குப் போனாலும் என் வீட்டுக்காரருக்கு முன்னால் அந்தப் பெரிய பித்தளை டம்ளர் வந்துவிடுகிறது. ஏட்டை விரலால் ஒதுக்கி, கண்ணை மூடிக்கொண்டு குடித்து முடிக்கிறார். அப்புறம் குடும்பம் மொத்தமும் சுற்றி உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் அவர் வயிற்றையே பார்த்துக்கொண்டிருக்கும். பேத்தி தன் தாத்தா மடியில் ஏறிச் சட்டை மேல் காதை வைத்துக் கேட்பாள்.

"அப்பிச்சி வயிறு ஒண்ணும் பேசலை, அப்பத்தா" என்று அவள் சொன்னதும், ருக்மணி அம்மாள் சந்தோஷமாக எழுந்து அடுத்த டம்ளரை நிறைக்கப் போகிறார்.